கோட்டுக்கு வெளியே மூன்றடி

எனக்கு பேட்டிங் வராது. பௌலிங்கும் வராது. கேட்ச் பிடிக்க நின்றால் பந்து கைக்கு வருவதற்கு முன்பே கண் மூடிக்கொள்ளும். ஆனாலும் திண்டுக்கல்லில் நான் படித்த பள்ளியின் கிரிக்கெட் டீமில் மூன்று வருடம் இருந்தேன். காரணம் ஒன்றுதான். நான் ஓடுவேன்.

எங்கள் பி.டி. சார் என்னைக் காட்டி மற்றவர்களிடம் சொல்வார், "இவன் ஒரு ரன்ன ரெண்டாக்குவான்டா. இவனுக்கு பேட்டே வேணாம், கோடு போதும்." அந்த வயதில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் ஓட்டினேன்.

தெரு கிரிக்கெட் ஆடியவர்களுக்குத் தெரியும், நான்-ஸ்ட்ரைக்கர் என்று யாரும் சொல்வதில்லை. அவன் பெயர் ரன்னர். "ரன்னர் சைடுல நில்லுடா" என்றால் அது ஒரு வேலை. நான் அந்த வேலைக்கு எடுக்கப்பட்டவன். சார் அதை முறையாகக் கற்றுக்கொடுத்தார். பௌலர் பந்தை விடுகிற நேரத்தில் நீ கோட்டுக்குள் இருக்கக் கூடாது, கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்காக முன்னாலேயே போய் நின்றுவிடவும் கூடாது, பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். பௌலரைப் பார்த்தபடி பக்கவாட்டில் நிற்க வேண்டும். பேட் பின்பக்கக் கையில், அதன் நுனி கோட்டுக்குள். அவன் ஓடி வர ஆரம்பித்ததும் நீயும் நடக்க ஆரம்பிக்க வேண்டும், ஏதோ அவனுக்குத் துணைக்கு நடப்பதுபோல. அவனுடைய கையைப் பார்க்காதே, முன்காலைப் பார். முன்கால் மண்ணில் விழப்போகிறது என்று தெரிந்ததும் பேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பு. வேகமாகப் போடுகிறவன் ஓடி வந்த வேகத்தில் நிற்க முடியாது, அவனிடம் துணிந்து போகலாம். ஸ்பின் போடுகிறவனிடம் மட்டும் ஒரு கண் இருக்கட்டும்.

இதில் என்ன கிடைக்கிறது என்று பின்னால், வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி. இரண்டு பக்கமும் கோடு 4 அடி முன்னால் இருப்பதால் உண்மையில் ஓட வேண்டியது 58 அடி. அதில் மூன்றடியை முன்கூட்டியே நடந்துவிட்டால் ஒரு பையனின் ஓட்டத்தில் ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு மிச்சம். கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் ரன் அவுட்கள் எல்லாமே அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் நடக்கின்றன.

இதைத் திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. "ஷார்ப்பா இருக்கான்" என்றார்கள்.

2001 மே மாதம். ஊருக்கு வெளியே ஒரு குளம் இருந்தது. பெயர்தான் குளம், அதில் நான் தண்ணீரைப் பார்த்தது இரண்டு முறை. வெடித்துக் கிடக்கும் தரையில் மேடு தட்டிப் பிட்ச் போட்டிருந்தோம். ஒரு பக்கம் சீமைக் கருவேலம், இன்னொரு பக்கம் தூரத்தில் மலைக்கோட்டை, பெரிய திண்டு மாதிரி சாய்ந்து கிடக்கும். பெட் மேட்ச். ஆளுக்கு 5 ரூபாய், ஒரு டீமுக்கு 55.

எதிர் டீமில் ஒரு பையன் இருந்தான். என் வகுப்பு, ஆனால் வேறு செக்‌ஷன். பெயர் வேண்டாம். அவன் அப்பா பூட்டுப் பட்டறையில் அரம் போட்டு ராவுகிற வேலை பார்த்தார். லீவு நாட்களில் இவனும் பட்டறைக்குப் போவான், விரலெல்லாம் இரும்பு வாசம் அடிக்கும். அவனிடம் பேட் கிடையாது. இது முக்கியம். எங்கள் ஊரில் பேட் வைத்திருக்கிறவன் ஓப்பனிங் இறங்குவான், பந்து வாங்கிக்கொடுத்தவன் ஒன் டவுன், இரண்டும் இல்லாதவன் பௌலிங் போடுவான். பௌலர்கள் எங்கிருந்து உருவாகிறார்கள் என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த மார்ச்சில்தான் ஹர்பஜன் சிங் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று டெஸ்டில் 32 விக்கெட் எடுத்திருந்தார். தெருவுக்குத் தெரு பையன்கள் ஆஃப் ஸ்பின் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் அது மெதுவான பந்து, அவ்வளவுதான். இவன் போட்டது மட்டும் நிஜமாகவே திரும்பியது. டென்னிஸ் பந்தில்.

கடைசி ஓவர். எங்களுக்கு 4 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். பேட்டிங் சைடில் பேட்டுக்குச் சொந்தக்காரன். ரன்னர் சைடில் நான். முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவது பந்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் இரண்டு ஓடினோம். அந்த இரண்டாவது ரன் முழுக்க முழுக்க என் மூன்றடி. மூன்றாவதில் ரன் இல்லை. நான்காவது பந்துக்கு ஓடி வந்தவன் கோட்டருகில் வந்து நின்றான். பந்து கையிலேயே இருந்தது. என்னைப் பார்த்தான். நான் உள்ளே போனேன். அவன் திரும்ப நடந்துபோய், மறுபடி ஓடி வந்து போட்டான், ரன் இல்லை.

ஐந்தாவது பந்துக்கு அவன் முன்கால் மண்ணில் விழுவதைப் பார்த்தேன், கிளம்பினேன். பின்னால் குச்சி சாயும் சத்தம் கேட்டது. எங்களுக்கு பெயில்ஸ் எல்லாம் கிடையாது, கருவேலங்குச்சி மூன்று. ஒன்று தரையில் கிடந்தது. அவன் பந்தை அதன் மேல் வைத்தபடி குனிந்திருந்தான். "அவுட்" என்று கத்தக்கூட இல்லை, கேட்கிற மாதிரி சொன்னான். நான் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றேன் என்று எல்லாரும் பார்த்தார்கள். ஓர் ஆள் படுக்கலாம்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பயர் எங்கள் தெரு அண்ணன். "அவுட்லாம் இல்ல, வார்ன் பண்ணணும்" என்றார். அவனுடைய கேப்டனே, "டேய் மாப்ள, விட்ரு, வேற பால் போடு, அசிங்கமா இருக்கு" என்றான். இவன் மாட்டேன் என்றான். அழுகுணி ஆட்டம் என்று யாரோ கத்தினார்கள், யாரோ தள்ளினார்கள், சட்டைப் பை கிழிந்தது. மேட்ச் கேன்சல், 55 ரூபாய் திரும்பி வந்தது. எனக்கு ஒருவர் பன்னீர் சோடா வாங்கிக்கொடுத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே குடித்தேன். ஏமாற்றப்பட்டவனுக்கு உரிய மரியாதை எனக்குக் கிடைத்தது. அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த அண்ணன்தான் இதற்கு ஒரு பெயர் உண்டு என்று சொன்னார். மன்கட். எங்கள் காதில் அது மாங்கா என்று விழுந்தது. திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டு என்று ஒரு வகைப் பூட்டு உண்டு, மாங்காய் வடிவத்தில் இருக்கும். அவன் அப்பா பட்டறைக்காரர் வேறு. அன்றிலிருந்து அவன் பெயர் மாங்கா. பள்ளி முடியும்வரை அதுதான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் டீம் செலக்‌ஷன். அவன் பந்து போட்டதை சார் பார்த்தார், அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் மே மாதக் கதை அவர் காதுக்கும் வந்திருந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், "அவன் உன்ன வார்ன் பண்ணானா?"

நான்காவது பந்து ஞாபகம் வந்தது. "இல்ல சார்" என்றேன்.

லிஸ்டில் அவன் பெயர் இல்லை. "பந்து நல்லாத்தான் போடுறான், கேரக்டர் சரியில்ல" என்று சார் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கோட்டை விட்டு எப்படித் தெரியாமல் நழுவுவது என்று எனக்கு மூன்று வருடம் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். இதில் இருக்கும் வேடிக்கை எனக்கு ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

மன்கட் மாங்காய் அல்ல, வினு மன்கட் என்ற இந்திய ஆல்ரவுண்டர் என்பது கல்லூரியில் இன்டர்நெட் வந்த பிறகு தெரிந்தது. 1947 டிசம்பர் 13, சிட்னி டெஸ்ட். சீக்கிரம் கிளம்பிய ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பில் பிரவுனை அவர் ரன் அவுட் செய்தார். அதற்கு முன்பே அதே டூரில், ஒரு பயிற்சி ஆட்டத்தில், எச்சரித்துவிட்டு இதே பிரவுனை இதே மாதிரி எடுத்திருக்கிறார். பிரவுனுக்குப் பாடம் ஏறவில்லை. ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் கொதித்தன. எதிரணி கேப்டன் பிராட்மேனோ தன் சுயசரிதையில் மன்கட்டின் பக்கம்தான் நின்றார். விதி தெளிவாக இருக்கும்போது இதில் என்ன தப்பு என்பது அவர் வாதம். ஆனால் பெயர் யாருடையது ஒட்டிக்கொண்டது பாருங்கள். கோட்டை விட்டு நழுவியவர் பிரவுன். 75 வருடமாகச் சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்பவர் மன்கட்.

எச்சரித்துவிட்டு விட்டுக்கொடுத்தவர்களுக்குப் பாராட்டு கிடைத்திருக்கிறது. 1987 உலகக் கோப்பையில் லாகூரில் கோர்ட்னி வால்ஷ், பாகிஸ்தானின் கடைசி விக்கெட் ஜோடி ஆடிக்கொண்டிருக்கும்போது, வெளியே நின்ற சலீம் ஜாஃபரை அவுட் செய்யாமல் விட்டார். வெஸ்ட் இண்டீஸ் தோற்றது. வால்ஷைக் கொண்டாடினார்கள். 2016-இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், அதே வெஸ்ட் இண்டீஸிலிருந்து வந்த கீமோ பால், கடைசி ஓவரில் ஜிம்பாப்வேயின் கடைசி ஆளை அப்படி எடுத்தார். ஜிம்பாப்வேக்கு 3 ரன்தான் வேண்டியிருந்தது. அந்த டீம் அப்புறம் கோப்பையையே ஜெயித்தது. ஆனாலும் அந்தப் பையனை உலகமே வைதது. சலீம் ஜாஃபரையும் ஜிம்பாப்வேக்காரரையும் யார் வைதார்கள்? ஒருவரும் இல்லை. அவர்கள் ஷார்ப்பாக இருந்தார்கள்.

அந்த வருடம்தான் கம்பெனி என்னை டெக்சாஸுக்கு அனுப்பியது. டாலஸ் பக்கம் ஒரு புறநகர். கூட வேலை பார்த்த ஓர் அமெரிக்கர் சனிக்கிழமை காலை தன் பையனின் பேஸ்பால் ஆட்டத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பையனுக்கு 13 வயது. நான் குளத்தில் நின்ற அதே வயது.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நான்கு மூலைகள், அவற்றுக்கு பேஸ் என்று பெயர். அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தவன் அங்கே நிற்கிறான். அடுத்த ஆள் அடிக்கக் காத்திருக்கிறான். பேஸைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை இவனுக்கு ஆபத்தில்லை. ஆனால் பேஸைத் தொட்டுக்கொண்டே நின்றால் அடுத்த பேஸ் 90 அடி தூரம். அதனால் பிட்சர் பந்தைக் கையில் வைத்திருக்கும்போதே இவன் பேஸை விட்டு மெல்ல நகர்கிறான். ஓரடி, இரண்டடி, பத்தடி. இதற்கு லீட் என்று பெயர்.

நான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது என் வேலை.

நண்பரின் மகன் முதல் பேஸில் நின்றான். கோச் வெளியிலிருந்து சத்தமாகக் கத்திச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், ஒளிவுமறைவே இல்லை. இன்னும் ஓர் அடி எடு. குனி. காலைக் காலோடு சேர்க்காதே. பிட்சரின் குதிகாலைப் பார். எங்கள் சார் சொன்ன அதே பாடம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று எனக்குப் புதிது. அங்கே பாதிப் பாடம் திரும்பி வருவது. எவ்வளவு தூரம் போனால் ஒரே பாய்ச்சலில் கையை நீட்டித் திரும்ப பேஸைத் தொடலாமோ அவ்வளவுதான் போக வேண்டும். அதற்கு மேல் ஓர் அடி போனாலும் நீ செத்தாய். லீட்டின் அளவை முடிவு செய்வது உன் தைரியம் மட்டும் இல்லை, பிட்சரின் கையும்தான்.

பிட்சர் திரும்பி முதல் பேஸுக்கு எறிந்தான். பையன் பாய்ந்து படுத்து பேஸைத் தொட்டான். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு மறுபடி நகர்ந்தான். மறுபடி எறிந்தான், மறுபடி பாய்ந்தான். சுற்றி உட்கார்ந்திருந்த அம்மா அப்பாக்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது தடவை இவன் கை பேஸைத் தொடுவதற்கு முன் கிளவ் இவன் தோளைத் தொட்டது. அவுட்.

நான் சண்டைக்காகக் காத்திருந்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. எதிர் டீமின் பெற்றோர்கள் பிட்சருக்குக் கைதட்டினார்கள், என் நண்பரும் இரண்டு தட்டு தட்டினார். பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். கோச் அவனிடம் எத்தனை அடி போனாய் என்று கேட்டார். நாலரை என்றான். அடுத்த தடவை நாலு, என்றார். அவ்வளவுதான் விசாரணை. ஆட்டம் முடிந்து இரண்டு டீமும் வரிசையாக நின்று கை தட்டிக்கொண்டபோது அந்த பிட்சரும் இவனும் சிரித்துக்கொண்டார்கள்.

"பிட்சர் முன்கூட்டி எச்சரிக்க வேண்டாமா?" என்று நண்பரிடம் கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. முதல் இரண்டு தடவை எறிந்தானே, என்றார்.

சின்னப் பையன்களை அவர்கள் இதற்குள் விடுவதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. லிட்டில் லீகில் 12 வயது வரையான பிரிவில் லீட்டே கிடையாது, பந்து அடிக்கிறவனை எட்டும்வரை கால் பேஸில் இருக்க வேண்டும். அங்கே பேஸுக்கு பேஸ் 60 அடிதான், லீட்டும் கொடுத்தால் ஓடுகிறவனைப் பிடிக்கவே முடியாது. வயது ஏறி மைதானம் பெரிதான பிறகுதான் திருடும் உரிமையும் பிடிக்கும் உரிமையும் வருகின்றன, இரண்டும் ஒரே நாளில். திருட்டு என்றுதான் அதற்குப் பெயரே. பேஸைத் திருடுவது. ரிக்கி ஹெண்டர்சன் தன் வாழ்நாளில் 1,406 பேஸ் திருடினார், 1982-இல் மட்டும் 130. யாரும் இன்னும் பக்கத்தில்கூட வரவில்லை. இந்த எண்ணைவிட எனக்கு இன்னோர் எண் பிடிக்கும். திருடப்போய் மாட்டிக்கொண்டதிலும் அவர்தான் முதலிடம், 335 தடவை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சமநிலை கெட்டால் கையைக் கட்டவும் செய்கிறார்கள். பிட்சர்கள் சும்மா சும்மா முதல் பேஸுக்கு எறிந்து ஆட்டத்தை இழுக்கிறார்கள் என்று 2023-இல் மேஜர் லீகில் ஒரு விதி வந்தது. ஓர் ஆள் அடிக்க நிற்கும்போது பிட்சருக்கு இரண்டு முயற்சிதான், மூன்றாவதில் பிடிக்கவில்லை என்றால் ரன்னருக்கு அடுத்த பேஸ் இலவசம். பேஸின் அகலத்தையும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். முந்தைய வருடம் 2,486 ஆக இருந்த திருட்டு 3,503 ஆனது. இதை எல்லாம் உட்கார்ந்து படித்தபோது ஒரு மென்பொருள்காரனாக எனக்குப் பொறாமையாக இருந்தது. பிரச்சினை என்று வந்தால் இவர்கள் விதியில் கை வைக்கிறார்கள். நாம் நேராக ஆளின் கேரக்டருக்குப் போய்விடுகிறோம்.

2019 மார்ச் 25 இரவு, ஜெய்ப்பூரில் அஸ்வின் ஜாஸ் பட்லரை எடுத்தபோது நான் சென்னைக்குத் திரும்பிவிட்டிருந்தேன். பட்லர் 43 பந்தில் 69 அடித்திருந்தார், ராஜஸ்தான் 1 விக்கெட்டுக்கு 108. அங்கிருந்து சரிந்து 14 ரன்னில் தோற்றார்கள். மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் அஸ்வினுக்கு ஆதரவாகப் பேச ஆள் இல்லை. அவரும் எங்களைப் போல இன்ஜினியரிங் படித்தவர், தமிழ்நாட்டுக்காரர், எதுவும் உதவவில்லை. "ரூல்படி சரிதான், ஆனா..." என்று ஆரம்பித்தார்கள். அந்த ஆனாவுக்குப் பின்னால் ஒரு கிழிந்த சட்டைப் பை எனக்குத் தெரிந்தது. அவர் செய்தது சரி என்றேன். டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான், "நீங்க பௌலராண்ணா?"

"இல்லடா. நான் ரன்னர்."

அஸ்வினுக்கு அது முதல் தடவையும் இல்லை. 2012-இல் பிரிஸ்பேனில் இலங்கையின் திரிமன்னேயை இதே மாதிரி எடுத்தார். கேப்டனாக நின்ற சேவாக், டெண்டுல்கரிடம் பேசிவிட்டு அப்பீலை வாபஸ் வாங்கினார். "மாப்ள, விட்ரு" என்பதன் சர்வதேச வடிவம். 2022-இல் எம்.சி.சி. இந்த விதியை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற 41-ஆம் பிரிவிலிருந்து எடுத்து 'ரன் அவுட்' என்ற 38-ஆம் பிரிவுக்கு மாற்றியது. வேறொன்றும் பெரிதாக மாறவில்லை, இடம்தான் மாறியது. எங்கள் தொழிலில் ஒரு ஃபைலை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவோமே, அது மாதிரி. ஆனால் இதுவரை பௌலரின் குற்றம் மாதிரி தெரிந்த விஷயம் இனி சாதாரண அவுட் என்று ஆவதற்கு அந்த நகர்த்தல் தேவைப்பட்டது. அது அமலுக்கு வர ஒரு வாரம் இருக்கும்போது லார்ட்ஸில் தீப்தி சர்மா சார்லி டீனை எடுத்தார். மறுபடி ஒரு வாரம் கேரக்டர் பேச்சு.

தமிழ்நாட்டிலும் இது தீர்ந்தபாடில்லை. 2022 டி.என்.பி.எல்.லில் பாபா அபராஜித் ஜெகதீசனை இப்படி அவுட் செய்தார். ஜெகதீசன் கையால் காட்டிய சைகைக்குப் பின்னர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. 2024-இல் நெல்லை அணியின் மோகன் பிரசாத் ஓடி வந்து நின்று ஒரு ரன்னரை எச்சரித்தார். அந்த ரன்னர் திண்டுக்கல் டிராகன்ஸ் கேப்டன், பெயர் அஸ்வின். எங்கள் ஊர் வாட்ஸப் குரூப்பில் இரண்டு நாள் சிரித்தோம். அந்த வருடம் டிராகன்ஸ் கோப்பையையும் ஜெயித்தது. எனக்கு அந்தச் செய்தியில் பிடித்தது, அஸ்வினும் நழுவுகிறார் என்பதுதான். நழுவுவது தப்பு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அது ஒரு கலை, எனக்கு வந்த ஒரே கலை. ஆனால் பிடிக்க உரிமை இல்லாதவனிடம் அதைக் காட்டுவதில் என்ன திறமை இருக்கிறது? குளத்தில் நான் எடுத்த மூன்றடிக்கு விலையே இல்லை. விலை கேட்ட ஒரே பையனை நாங்கள் தள்ளினோம்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். பேஸ்பாலின் தங்கச்சி மாதிரி ஆட்டம், நம் ஊர்ப் பள்ளிப் போட்டிகளில் ரொம்ப நாளாக இருக்கிறது. லீட் எடுப்பது எப்படி என்று பெரிய மனுஷன் தோரணையில் ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

"மாமா, சாஃப்ட்பால்ல அப்படிலாம் நகரக் கூடாது. பிட்சர் கையவிட்டு பந்து போனப்புறம்தான் காலையே எடுக்கணும். முன்னாடி எடுத்தா ரன்னர் அவுட்."

"யாரு அவுட் பண்ணுவா? பிட்சரா?"

"பிட்சர் ஏன் பண்ணணும்? அவ பந்து போடுறதப் பாப்பாளா, இதப் பாப்பாளா? அம்பயர் பாத்துக்குவாரு."

இவ்வளவு சுலபமாக ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அம்மாவின் பீரோ சாவி தொலைந்துவிட்டது. கிளிக்காகக் கிடந்த இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு டூப்ளிகேட் போட பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். சாவிக் கடை என்றால் கடைகூட இல்லை, ஒரு பெட்டி, மேலே வரிசையாகத் தொங்கும் வெற்றுச் சாவிகள், ஒரு மிஷின். உள்ளே இருந்தவர் சாவியை வாங்கித் திருப்பிப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ரன்னருதானே நீ?"

இருபத்து நாலு வருடம். தலையில் முடி குறைந்திருந்தது. விரல்களை வைத்து எனக்கும் அடையாளம் தெரிந்தது. குடும்பம், வேலை, அம்மா எப்படி இருக்கிறார்கள், எல்லாம் கேட்டான். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது என்றான். பட்டறை எப்போதோ மூடிவிட்டார்கள். மாங்காய்ப் பூட்டை இப்போது யார் வாங்குகிறார்கள் என்று அவனே சொன்னான், அந்தச் சொல்லை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னான்.

நான் அதைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். மிஷின் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சார் என்னிடம் கேட்டார், நீ வார்ன் பண்ணவில்லை என்று பொய் சொன்னேன், அதனால்தான் உன்னை எடுக்கவில்லை.

அவன் மிஷினை நிறுத்தினான்.

"எங்கிட்டயும் கேட்டாரேப்பா. நானும் இல்லன்னுதான் சொன்னேன்."

"நாலாவது பால்ல நின்னியே."

"கை வேர்த்துப்போச்சு, அதான் நின்னேன். வார்னிங்லாம் குடுக்கல." சாவியை ஊதிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நீ வெளிய நின்ன, நான் எடுத்தேன். அதுக்கு எதுக்கு வார்னிங்கு?"

அரத்தை எடுத்து சாவியின் பல்லில் இரண்டு இழுப்பு இழுத்தான். பழைய சாவியோடு சேர்த்து வைத்துச் சரி பார்த்தான். எவ்வளவு என்று கேட்டேன். அறுபது என்றான். நூறு ரூபாய் கொடுத்துவிட்டு மீதி வேண்டாம் என்றேன். பெட்டியைத் திறந்து நாற்பது ரூபாயை எண்ணி என் கையில் வைத்தான்.

"வீட்ல போய் போட்டுப் பாரு. தொறக்கலன்னா எடுத்துட்டு வா, இன்னும் கொஞ்சம் ராவணும்."